நூற்றிரண்டாம் சூட்டில் கழுதைக் கதை

அந்தப் பட்டையை நான் கட்டவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் உப்பளத்தில் நூற்று நாற்பது பேர் கட்டினார்கள், நான் ஒருவன்தான் கட்டவில்லை. சும்மா கொடுக்கிற பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கையில் மாட்டுகிற ஆள் நான் இல்லை.

பெயர் பலவேசம். படிப்பு நாலாம் வகுப்பு. தூத்துக்குடிக்குத் தெற்கே உப்புப் பாத்தியில் நாற்பத்தெட்டு வருசம் நின்றேன். இப்போது பாத்திக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார் கொட்டகையில் காவலுக்கு இருக்கிறேன். என் மகள் பொன்இசக்கி இன்னும் பாத்தியில் இறங்கி உப்பு வாருகிறாள். அவள் புருசன் கப்பலில் இருக்கிறான். என் பெண்டாட்டி போய்விட்டாள். எனக்கு இங்கே இருப்பது மகள் ஒருத்திதான்.

முன்பெல்லாம் சித்திரை வெயில் என்று தனியாக ஒன்று இருந்தது. இப்போது மாசியில் ஏறுகிற வெயில் ஐப்பசியில்தான் இறங்குகிறது. பட்டை வருவதற்கு முந்தின வருசம் எங்கள் அளத்தில் மட்டும் ஆறு பேர் பாத்தியிலேயே விழுந்து செத்தார்கள். அதன் பிறகுதான் நாலு பாத்திக்கு ஒரு ஓலைக் கொட்டகை போட்டார்கள். உடம்புச் சூடு நூறைத் தாண்டினால் கத்துகிற ஒரு கைப்பட்டையும் கொடுத்தார்கள். அது கீ கீ என்று கத்தியது. பெண்கள் அதைக் கழற்றித் தூக்குவாளிக்குள் போட்டு மூடிவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.

அப்புறம்தான் ஆமவடை அழகர் வந்தார். சினிமாவில் சிரிப்பு நடிகர். ஏதோ ஒரு படத்தில் ஆமவடை சுட்டாராம், அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வெயிலைப் பற்றி ஜனங்களுக்குச் சிரிப்பு மூலமாகச் சொல்லப் போகிறேன் என்று கிளம்பிய நடிகர்களில் அவர்தான் பெரிய ஆள். அளத்து மேட்டில் மேடை போட்டார்கள்.

"வர்ற வழியில சூரியனைப் பாத்துக் கேட்டேன், ஏன்யா இப்பிடிக் கிட்ட வந்து நிக்கிறேன்னு. அது சொல்லுது, 'நான் எங்கப்பா வந்தேன்? இருந்த எடத்துலதான் இருக்கேன். நீங்கதான் புகையில போர்வை நெய்து போத்திக்கிட்டு வேக்குது வேக்குதுங்கிறீங்க'ங்குது."

ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. நான் எழுந்து நின்றேன்.

"தம்பி, ஏழு காருல வந்து எறங்குனீயளே, போர்வைக்கு நூலு நூற்கவா?"

அவருக்குச் சிரித்ததை விட எனக்கு அதிகமாகச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் ஒரு நிமிசம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கூட்டம் முடிந்த பிறகு மதுவந்தி என்று ஒரு சென்னைப் பெண் பட்டை கொடுத்துக்கொண்டு வந்தாள். அதைச் செய்ததே அவள்தானாம்.

"இது இனிமே கத்தாது தாத்தா. அழகர் சார் குரல்ல பேசும். அவர் ஒவ்வொண்ணா வந்து பேசல, மெஷினே அவர் மாதிரி பேசிக்கும். நூறைத் தாண்டினா சின்னதா ஒரு ஜோக் சொல்லி, நிழலுக்குப் போங்கன்னு சொல்லும்."

"போவலன்னா?"

"இன்னும் நல்ல ஜோக்கா சொல்லி உங்க கவனத்தத் திருப்பும்."

"அப்பவும் போவலன்னா?"

"அதைவிட நல்ல ஜோக். இருக்கறதுலயே பெஸ்ட்டை கடைசி ஆபத்துக்குன்னு வச்சிருக்கோம்."

எனக்கு அந்த இடத்திலேயே என்னவோ உறுத்தியது. கேட்டிருக்க வேண்டும். படித்த பிள்ளை, யோசிக்காமலா செய்திருக்கும் என்று விட்டுவிட்டேன். பட்டையை மட்டும் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தேன்.

முதல் மாதம் நன்றாகத்தான் போனது. பாத்திக்குப் பாத்தி சிரிப்புச் சத்தம். "அக்கா, உப்பு போதும், கொழம்பு கெட்டுப்போயிரும், ஏறி வாங்க" என்று மணிக்கட்டில் சினிமாக்காரன் பேசினால் யாருக்குத்தான் பிடிக்காது? சிரித்துக்கொண்டே கொட்டகைக்குப் போனார்கள்.

பிறகு ஒரு நாள் கஞ்சி குடிக்கிற நேரத்தில் பெண்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது.

"ஏட்டி, ஒனக்குக் கழுத கத வந்துச்சா?"

"எனக்கு மாமியா கதைதான் வந்துச்சு. நூத்தியொண்ணோட நின்னு போச்சு."

"கழுத கத நூத்திரெண்டுல வரும்ட்டி. நீ இன்னும் கொஞ்சம் நிக்கணும்."

என் மகளும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தாள். அன்று சாயங்காலம் வீட்டில் வைத்துக் கேட்டேன்.

"கழுத கதையக் கேக்கதுக்கா வெயில்ல நிக்கீய?"

"அது கலெக்டராபீசுக்கு மனு கொடுக்கப் போற கழுதப்பா. மூணு நாளாப் பாக்கேன், மனு எழுதி முடிக்க மாட்டேங்கு. அதுக்குள்ள கங்காணி வந்து கொட்டகைக்கு வெரட்டிருதாவ."

"செத்துப்போவ மூதி."

"எம்மா போன பெறவு நான் வாய்விட்டுச் சிரிச்சத நீங்க பாத்திருக்கியளா?" என்று கேட்டாள்.

நான் எழுந்து திண்ணைக்குப் போய்விட்டேன்.

வியாழக்கிழமை காலை பதினொரு மணி. மோட்டார் கொட்டகையில் இருந்து பார்த்தால் அவள் நிற்கிற பாத்தி தெரியும். அவள் சிரிப்பது கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்பு நின்றது. நின்ற விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஈரச் சாக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

வாருபலகை ஒரு பக்கம் கிடந்தது. அவள் உப்பின் மேல் ஒருக்களித்துக் கிடந்தாள். கண் பாதி திறந்திருந்தது, கறுப்பு முழி தெரியவில்லை. கையில் அந்தப் பட்டை மட்டும் உற்சாகமாகப் பேசிக்கொண்டே இருந்தது. நினைவில்லாமல் கிடக்கிறவளுக்கு அழகர் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"கலெக்டர் கேக்குறாரு, கழுதையே, உன் மனுவுல என்ன கோரிக்கைன்னு. கழுத சொல்லுது, 'ஐயா, மத்தியான வெயில்ல என்னைய நிக்க வைக்கிறாய்ங்க. வெயில்ல நிக்கிறதுக்கு நான் என்ன மனுசனா?'ன்னு. ஹாஹா, அக்கா, நெழலுக்கு வாங்கக்கா."

அந்தக் கதையை முழுதாகக் கேட்டவன் அளத்திலேயே நான் ஒருவன்தான்.

சாக்கைப் போர்த்தி, தண்ணீர் ஊற்றி, நாலு பேராகத் தூக்கிக்கொண்டு போனோம். பிழைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறந்து முதலில் கேட்டது, "கழுத என்ன சொல்லிச்சுப்பா?"

"ஒன்ன மாதிரி நான் முட்டாளு இல்லன்னு சொல்லிச்சு."

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். இன்னொரு தடவை இந்த மாதிரி சூடு ஏறினால் சிறுநீரகம் தாங்காதாம். அவளிடம் சொன்னேன். "அப்ப வீட்டுல யாரு ஒல வைப்பா? பத்து நாள்ல எறங்கிருவேன்" என்றாள். அவளுக்கு வேறு வேலை தெரியாது. எங்கள் பக்கம் வேறு வேலையும் கிடையாது.

ஐந்தாம் நாள் அழகர் வந்தார். டவுன் பஸ்சில் வந்து இறங்கினார். கூட மதுவந்தி மட்டும். வராந்தா பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். சினிமாவில் பார்த்ததற்குப் பாதி ஆள்தான் இருந்தார்.

"எனக்கு இருபது வருசமா மேக்கப் போட்டவரு, அவுட்டோர் சூட்டிங்குல வெயில்ல சுருண்டு விழுந்து போய்ச் சேந்துட்டாருங்கய்யா. அதுக்குத்தான் இந்த வேலையிலயே எறங்குனேன்" என்றார். "இப்ப நானே கொலகாரன் ஆயிட்டேனா?"

"ஆவல. அவ பொழச்சிட்டா. அதனால ஆவல" என்றேன். உள்ளதுதானே.

மதுவந்தி அழுதிருப்பாள் போலிருக்கிறது, மூக்கு சிவந்திருந்தது. "தப்பு என்னோடதுதான் தாத்தா. சூடு ஏறினா ஜோக் நல்லாருக்கும்னு வச்சேன். நல்ல ஜோக்குக்காகச் சூடு ஏத்திப்பாங்கன்னு தோணல. மாத்திட்டேன். இனிமே நூறுலயே பெஸ்ட் ஜோக் வந்துரும்."

"வந்தா?"

"சிரிச்சிட்டு நிழலுக்குப் போவாங்க."

"சிரிச்சிட்டு அங்கனயே நிப்பாவ. அடுத்தது என்ன வருதுன்னு பாப்பாவ. நீங்க காட்டுதது வேடிக்கைம்மா. வேடிக்கை பாக்குதவன் எடத்த விட்டு அசைவானா? தேரு பாக்கப் போனவன், தேரு மேல வந்தாக்கூட வாயத் தொறந்துக்கிட்டு நிப்பான்."

"அப்ப கேலியே கூடாதுங்கிறீங்களா?" என்றார் அழகர்.

"கேலி வேணும். யாரு பண்ணுதாங்கதுதான் விசயம். எங்க பக்கம் கேலிக்கு முறை இருக்கு தம்பி. மச்சினன் பண்ணலாம், மதினி பண்ணலாம், தாய்மாமன் பண்ணலாம். அண்ணன் தங்கச்சியக் கேலி பண்ண மாட்டான். மாமனார் மருமவள வாயெடுத்து ஒரு சொல்லு சொல்ல மாட்டான். முறைக்காரன் கேலி பண்ணுனா கோவப்படக் கூடாது. ஒண்ணு, பதிலுக்குப் பதில் கொடுக்கணும். இல்லன்னா எடத்தக் காலி பண்ணணும். சும்மா நின்னோம்னா ஊரு சிரிச்சிரும். நீங்க யாரு எங்களுக்கு? மச்சினனா, மாமனா? நீங்க சொன்னா டிக்கெட் எடுத்தவன் மாதிரி கேட்டுக்கிட்டு நிப்போம், அவ்வளவுதான்."

பெரிய நியாயம் பேசிவிட்டதாக எனக்கு நினைப்பு. அழகர் மெதுவாகக் கேட்டார்.

"ஒங்க மகளுக்கு அந்த முறையில யாருங்கய்யா இருக்காக?"



ஒருவன் இருந்தான். என் பெண்டாட்டி சுயம்புக்கனியின் தம்பி, வைகுண்டம். ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவன். நானும் அவனும் பேசி ஒன்பது வருசம் ஆகியிருந்தது.

சுயம்புக்கனி செத்தது ஒரு வைகாசி மாதம். அவன் வெற்றிலைக் கட்டோடு கேரளா போயிருந்தான். "வந்துக்கிட்டிருக்கேன், காத்திருங்க அத்தான்" என்று போனில் சொன்னான். கரண்டு இல்லை. குளிர்பெட்டி ஓடவில்லை. அந்த வெயிலில் உடம்பை வைத்திருக்க முடியவில்லை. பத்து மணிக்கே எடுத்துவிட்டோம். பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு அவன் பன்னிரண்டு மணிக்குத் தெருவில் வந்து நின்றான். போர்த்துவதற்கு அக்கா இல்லை. "ரெண்டு மணி நேரம் பொறுக்க முடியலயா அத்தான்?" என்று கேட்டான். நானும் நொந்துபோய் நின்ற நேரம். கடுமையாக ஒன்று சொல்லிவிட்டேன். என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத மாட்டேன். சேலையோடு திரும்பிப் போனவன்தான்.

இதை அழகரிடம் சொன்னேன். மதுவந்தி தன் பையில் இருந்து தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டியை எடுத்து என் கையில் வைத்தாள்.

"இந்தப் பொத்தானை அமுக்கினா அந்த மாமா பேசறது பதிவாகும் தாத்தா. அதை அக்கா பட்டையில ஏத்திடறேன்."

"நீ வச்ச மெஷினு அதுல இட்டுக்கட்டிப் பேசாதுல்லா?"

"பேசாது. அவர் சொன்னதைத்தான் சொல்லும். ஒரு வார்த்தை கூடச் சேக்காது."

எட்டாம் நாள் ஆத்தூர் பஸ்சில் ஏறினேன். ஆற்றில் உப்பேறிப் பாதிக் கொடிக்கால் அழிந்துபோயிருந்தது. மிச்சத்தை அவன் மழைத்தண்ணீர் சேர்த்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தான். உள்ளே நுழைந்ததும் உடம்பு சில்லிட்டது. அவ்வளவு நிழல். வைகுண்டம் வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். வாங்க என்று சொல்லவில்லை.

"இசக்கி வெயில்ல விழுந்துட்டா" என்றேன்.

கை நின்றது. "எப்ப?"

"எட்டு நாளாச்சு. இப்ப பரவால்ல."

"எட்டு நாளு கழிச்சுச் சொல்ல வந்தீயளாக்கும். நீங்க எதுக்கும்தான் காத்திருக்க மாட்டீய, இதுக்கு மட்டும் எட்டு நாளு காத்திருந்தீயளோ?"

வாங்கிக்கொண்டேன். வாங்கத்தானே போனேன். பட்டையையும் கழுதையையும் பெட்டியையும் பற்றி எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். கடைசியில், "அவள நெழலுக்கு வெரட்ட ஒன்ன விட்டா எனக்கு ஆளு இல்ல மாப்ளே" என்றேன். மாப்ளே என்று அவனைக் கூப்பிட்டு ஒன்பது வருசம்.

அவன் கிள்ளிய வெற்றிலையைக் கூடையில் போட்டான்.

"சினிமாக்காரன் கொரலு போதாதுன்னு எங்கொரலு கேக்குதோ? நான் கழுத மாதிரில்லா கத்துவேன்."

"கழுதைதான் வேணும்ங்கா அவ."

பெட்டியைப் பிடுங்கிக்கொண்டான். எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பொத்தானை அமுக்கினான்.

"ஏளா இசக்கி, ஒங்க அம்ம ஒனக்குக் கருவாடு காயப்போடத்தான் சொல்லிக்கொடுத்தா. நீயே கருவாடா காயணும்னு எவட்டி சொல்லிக்கொடுத்தா? எலும்பா கெடக்க, சந்தையில ஒன்ன எவன் வாங்குவான்? ஏறு, கொட்டகைக்குப் போ. போறியா, இல்ல ஒன் சடங்கு வீட்டுல தாம்பாளத்துல இருந்து லட்டத் திருடிப் பாவாடையில ஒளிச்சு வச்சியே, அத ஊருக்குச் சொல்லட்டா?"

அப்படியே பேசிக்கொண்டு போனான். என் பக்கம் திரும்பாமலே சொன்னான்:

"தொட்டியில தண்ணி கெடக்கு. காலக் கழுவிட்டு வாங்க."

வாங்க என்று சொல்லிவிட்டான். எனக்கு அது போதும். கால் கழுவி, முகமும் கழுவி, வேண்டுமென்றே நிதானமாக வந்தேன். அப்போதும் பெட்டியிடம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டான். பெட்டியை வெற்றிலையில் பொதிந்து கொடுத்தான், பண்டம் கொடுக்கிற மாதிரி.

பொன்இசக்கி மறுபடி பாத்தியில் இறங்கிய அன்று நான் மோட்டாரை விட்டுவிட்டு வரப்பில் போய் நின்றேன். பத்து மணி இருக்கும். பட்டை பேசியது. நாலு பாத்திக்குக் கேட்கிற மாதிரி வைகுண்டம் கத்தினான். ஒன்பது வருசம் கழித்து மாமன் குரல். லட்டு என்ற வார்த்தை வந்ததும் பக்கத்துப் பாத்திக்காரி "என்னட்டி லட்டு?" என்றாள். அவ்வளவுதான், இவள் வாருபலகையைப் போட்டுவிட்டுக் கையை வாய்க்குக் கிட்ட வைத்துக்கொண்டு கத்த ஆரம்பித்தாள்.

"யோவ் மாமா, அது லட்டு இல்ல, அதிரசம்! அதுவும் நீரு எடுத்துக் குடுத்ததுதான்! சபையில பொய்யா சொல்லுதீரு?"

கத்திக்கொண்டே நடந்தாள். சண்டை போட்டு முடிக்கும்போது கொட்டகைக்குள் நின்றாள். நிற்கிறோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை. அங்கே உட்கார்ந்து அரைமணி நேரம் அழுதாள், சிரித்தாள், மாமனுக்குப் போன் போட்டாள்.

அப்புறம் எல்லோருக்கும் அது வேண்டும் என்று ஆனது. எவனுக்கு எவன் மச்சினன், எவளுக்கு எவள் மதினி என்று தேடினார்கள். பேச்சு நின்றுபோன வீடுகளில் எல்லாம் ஒரு காரணத்துக்காகக் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. கங்காணிக்கும் ஒரு மச்சினன் இருந்தான். அவன் பேசுவதைக் கேட்க எங்களுக்கு அவ்வளவு சந்தோசம்.

அழகருக்குத்தான் நட்டம். பிரபலமான குரல் இல்லாவிட்டால் திட்டத்தையே நிறுத்துவோம் என்று மேலே இருந்தவர்கள் குதித்தார்களாம். அவர் போய் என்ன பேசினாரோ, நிறுத்தவில்லை. இப்போது அவர் செங்கல் சூளை, ரோடு போடுகிற இடம் என்று ஊர் ஊராகப் போய், தன் கழுதைக் கதையால் ஒரு பெண் விழுந்த கதையைத் தன்னையே கேலி செய்து சொல்கிறார். சிரித்து முடித்ததும், "நான் ஒங்களுக்கு யாருமில்ல, ஒங்க மச்சினனைக் கூப்பிடுங்க" என்கிறாராம். பீகாரில் இருந்து வந்து எங்கள் அளத்தில் வேலை செய்கிற குடும்பங்களுக்கு இங்கே முறைக்காரர் யாரும் இல்லை. அவர்கள் பட்டையில் மட்டும் அழகர் பேசுகிறார். இந்தியில், தானே உட்கார்ந்து பேசியது. அந்தப் பெண்கள் அவரைக் கொழுந்தன் என்று வைத்துக்கொண்டார்கள். வந்தால் அவரைச் சும்மா விடுவதில்லை, முகத்தில் உப்பைப் பூசி அனுப்புகிறார்கள்.

ஒரு தடவை வந்தபோது கேட்டேன். "எங்களுக்குச் சரி தம்பி. அந்தப் போர்வைய நெய்யுதானே, பெரிய பெரிய பொகைக்காரன், அவனுக்கு யாரு முறை? அவன யாரு கேலி பண்ணி வெரட்டுவா?"

"அதைத்தாங்கய்யா தேடிக்கிட்டிருக்கேன்" என்றார். "அவனுக்கும் ஒரு மச்சினன் இருப்பான்ல?"

கிடைப்பான் என்றுதான் தோன்றுகிறது. எனக்கே அப்படித் தோன்றுவது எனக்கு ஆச்சரியம்.

வெயில் குறையவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் போன வருசமும் இந்த வருசமும் எங்கள் அளத்தில் ஒருத்தரும் விழவில்லை.

இந்தச் சித்திரையில் மோட்டார் குழாய் அடைத்துக்கொண்டது. வாய்க்கால் ஓரம் வெயிலில் நின்றுதான் பிரிக்க வேண்டும். பொன்இசக்கி ஒரு பட்டையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இதக் கட்டாம நீங்க எறங்கக் கூடாது."

"எனக்கெதுக்குட்டி? அதுல எனக்குன்னு எவன் கொரலும் இருக்காது. வெறும் பட்டை."

"வெறும் பட்டையாவே இருந்துட்டுப் போவட்டும், கட்டுங்கப்பா."

அவள் தொல்லைக்காகக் கட்டிக்கொண்டேன். அரைமணி நேரம் ஆகியிருக்கும். நட்டு ஒன்று அசையாமல் மல்லுக்கட்டியது. இன்னும் ஒரு திருகு திருகினால் வந்துவிடும் என்று நின்றேன். அப்போது மணிக்கட்டில் இருந்து வந்தது, தாழ்ந்த குரலில், பின்னால் தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தத்தோடு.

"அத்தான். நீங்க இதக் கட்ட மாட்டீயன்னு எனக்குத் தெரியும். என்னைக்காவது கட்டுனா கேளுங்க. அன்னைக்குத்தான் ரெண்டு மணி நேரம் காத்திருக்க முடியல ஒங்களுக்கு. இன்னைக்கு எங்க அவசரம்? அக்காகிட்ட போவவா? அவ ஒங்கள இன்னும் தேடல, நிம்மதியா இருக்கா, விடுங்க. நெழல்ல போயி உக்காருங்க. நான் வாரேன்."

அன்று நான் கால் கழுவப் போன நேரத்தில் பெட்டியில் பேசியது, ரெண்டு வருசமாக எனக்காகக் கிடந்திருக்கிறது.

முறைக்காரன் கேலி பண்ணினால் ஒன்று பதில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இடத்தைக் காலி செய்ய வேண்டும். என்னிடம் பதில் இல்லை. ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுக் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்தேன். பிறகு வைகுண்டத்துக்குப் போன் போட்டு, "காத்திருக்கேன், அந்தக் கோடிச் சேலையையும் எடுத்துக்கிட்டு வா மாப்ளே, அக்காவுக்குப் படைப்போம்" என்றேன்.